மூன்று நாளாக இரை எடுக்காத பல்லிக் குஞ்சு

2024 ஏப்ரல் 28, மாலை. ஆந்திராவின் நகரியிலிருந்து ஒரு வாசகர்:

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியபோது பின்னாலிருந்து இரண்டு முட்டை ஓடுகளும் ஒரு பல்லிக் குஞ்சும் விழுந்தன. குஞ்சு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூன்று நாளாகப் பார்த்துக்கொள்கிறேன். எறும்பு போட்டேன், சோற்றுப் பருக்கை போட்டேன், எதையும் தொடவில்லை. உடல் வெளுத்து, வயிற்றுக்குள் இருப்பது வெளியே தெரிகிறது. கண்ணையும் மூடுவதில்லை. பாலில் துளி சுண்ணாம்பைக் குழைத்துப் புகட்டச் சொல்கிறார் அவ்வா (பாட்டி). செய்யலாமா?

2024 ஏப்ரல் 28, இரவு

பாலும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். எறும்பை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். எறும்பு அந்தக் குஞ்சுக்கு ஏற்ற இரை அல்ல; இரண்டு மூன்று எறும்புகள் சேர்ந்தால் குஞ்சுதான் அவற்றுக்கு இரை. டப்பாவை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள்.

மூன்று நாள் சாப்பிடாதது நோய் அல்ல. முட்டைக்குள் மிஞ்சிய மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. அது தீரும்வரை வெளி உணவு அதற்குத் தேவைப்படுவதில்லை. பிறந்த ஓரிரு நாளில் முதல் தோலை உரித்து, அதையே தின்றுவிடுவதும் வழக்கம். நீங்கள் பார்க்காத நேரத்தில் அதன் முதல் விருந்து முடிந்திருக்கக்கூடும்.

பால் ஏன் கூடாது என்றால், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி ஊர்வனவற்றுக்குக் கிடையாது. சுண்ணாம்பு ஏன் கூடாது என்பதை வெற்றிலை போட்டு ஒருமுறையாவது நாக்கு வெந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாவின் எண்ணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை மிகக் குறைவு. மூடியில் ஊசியைச் சுட்டுச் சிறு துளைகள் போடுங்கள். அடியில் மை படாத வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, முட்டை அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து ஒளிந்துகொள்ள வையுங்கள். பாட்டில் மூடியில் ஈரப் பஞ்சு வையுங்கள். கையில் எடுக்காதீர்கள்.

2024 ஏப்ரல் 29

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, எல்லாம் தெரிந்தவளைப் போல எழுதியிருப்பதாகத் தோன்றியது. அதனால் இதை எங்கே கற்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது உங்களுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பொதட்டூர்பேட்டையில். வீட்டோடு சேர்ந்த விசைத்தறிக் கூடம். சென்ற ஆண்டு மார்ச் மாதம் தறியின் சுவிட்ச் பெட்டியைப் பழுது பார்க்க வந்தவர், உள்ளே இருந்த இரண்டு வெள்ளை முட்டைகளைத் ஊடை நூல் சுற்றிய தார்க் குழல்களைப் போடும் கூடையில் உருட்டிவிட்டுப் போனார். வீட்டுப் பல்லி ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். ஓடு கோழி முட்டையைப் போலவே கெட்டியானது. பாம்பு முட்டையைப் போலத் தோலாக இருக்காது. கைப்பேசி விளக்கை அடியில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிந்தன. அதன் பிறகு அவற்றைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

கரு ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் என்பதால் முட்டையைத் திருப்பக் கூடாது என்று அறிந்து, மேல்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்குள் அவர் உருட்டிய உருட்டலில் எது மேல், எது கீழ் என்று யாருக்குத் தெரியும். தயிர் டப்பாவில் மணல் போட்டு வைத்தேன். மே மாதம் முதல் வாரத்தில் ஒன்று பொரித்தது, அடுத்த நாள் காலை மற்றொன்று.

முதலாவது இறந்துபோனது. என் கையால்தான் இறந்தது. அது அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பதறி, இரண்டாம் நாள் சொட்டு மருந்துக் குப்பியின் முனையை வாயில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் விட்டேன். பல்லிக்கு மூச்சுக் குழாயின் வாய் நாக்கின் வேர்ப் பகுதியிலேயே திறக்கிறது. எங்களுக்கு ஒரு சொட்டு என்பது அதன் தலை அளவு. இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது. மூக்கில் ஒரு குமிழி வந்தது. மறுநாள் விடியும்போது விறைத்திருந்தது.

அதனால்தான் நேற்று அவ்வளவு அழுத்தமாக எழுதினேன். உங்கள் டப்பாவில் இருப்பதற்கு இதுவரை நீங்கள் எதையும் புகட்டவில்லை என்பதே நல்ல செய்தி.

2024 ஏப்ரல் 29, மாலை

கண்ணைப் பற்றிக் கேட்டதை விட்டுவிட்டேன். வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலம்தான் உண்டு. தூசி விழுந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். தூங்கினாலும் விழித்தாலும் பார்வைக்கு ஒன்றுதான். சொட்டு மருந்து எதையும் விட வேண்டாம். உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் தொண்டைப் பகுதி துடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

2024 மே 2

உங்கள் குஞ்சு ஒரு சிறு கரும் எச்சம் இட்டதாகவும் அதன் நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். அந்த வெள்ளைப் பகுதிதான் அதன் சிறுநீர். நம்மைப் போல நீராகக் கழிக்காமல் யூரிக் அமிலமாகத் திரட்டிக் கழிக்கிறது. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, இனி இரை கொடுக்கலாம்.

சோற்றுப் பருக்கை ஒருநாளும் பயன்படாது. பெரும்பாலும் அசையும் பொருள்தான் அதன் கண்ணுக்கு உணவு. இரை உயிரோடு இருக்க வேண்டும், அதன் இரண்டு கண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இந்த அளவில் வீட்டில் எளிதாகக் கிடைப்பது பழ ஈ. கனிந்து கறுத்த வாழைப்பழத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு ஒன்றை நுனி கீழாகச் செருகி வைத்தால் ஒரே நாளில் ஈக்கள் உள்ளே இறங்கும், வெளியே வரத் தெரியாது. அப்படியே விட்டால் எட்டு பத்து நாளில் அடுத்த தலைமுறையும் பாட்டிலிலேயே பிறக்கும். என் கணவர் அந்தப் பாட்டிலைப் பார்த்து, ஊரில் எல்லாரும் ஈயை விரட்டுகிறார்கள், நீ ஈக்குப் பண்ணை வைத்திருக்கிறாய் என்றார். டப்பாவுக்கு மாற்றும்போது எல்லாம் பறந்துவிடாமல் இருக்க, பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஈக்கள் மயங்கி நிற்கும். ஒரு வேளைக்கு மூன்று நான்கு போதும். இருட்டிய பிறகு போடுங்கள்.

அரிசி மூட்டையில் பறக்கும் சிறு அந்துப்பூச்சியும் நல்ல இரை. கொசுவர்த்தி, மருந்துத் தெளிப்பு ஆகியவற்றில் மயங்கி விழுந்த பூச்சியைக் கொடுக்கவே கூடாது. கொசு மருந்து ஆவியாகும் அறையில் டப்பாவையும் வைக்கக் கூடாது.

இப்போது அவ்வாவின் சுண்ணாம்புக்கு வருகிறேன். வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை என்பதில் அவர் சொன்னது முழு உண்மை. தவறு பொருளில்தான். வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றிய சுண்ணாம்பு, அது வாயை அரித்துவிடும். அதற்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். பெயர் நுரையாக இருந்தாலும் பொருள் கணவாயின் ஓடுதான். கத்தியால் சுரண்டினால் மாவாக உதிரும். ஈக்களைப் போடும் காகிதக் கூம்பில் ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கினால், ஈக்கள் திருநீறு பூசிய பக்தர்களைப் போல வெளியே வரும். வாரம் இரண்டு முறை போதும்.

2024 மே 4

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. நம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மூடிய பிளாஸ்டிக் டப்பா அடுப்பாகிவிடும். குஞ்சுக்கு 27 முதல் 30 டிகிரி வரை சுகம். டப்பாவை மண்பானைக்குப் பக்கத்தில், தரையோடு வையுங்கள். எறும்புக்கான தண்ணீர்த் தட்டை மறக்க வேண்டாம். மாலையில் ஒருமுறை டப்பாவின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் தூரிகையால் நாலு துளி தண்ணீர் தெளியுங்கள். அது பாத்திரத்தில் குடிப்பதைவிடத் துளியை நக்குவதையே விரும்பும்.

இதை எழுதும்போது ஏப்ரல் 29 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் குஞ்சு சர்க்கரைத் தண்ணீரால் இறந்தது என்று அறுதியாக எழுதினேன். அதை நான் வைத்திருந்த இடம் குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசர் மேல். பிறந்த உயிருக்குச் சூடு வேண்டும் என்று யாரும் கேட்காமல் நானே முடிவு செய்திருந்தேன். இரண்டாவது பொரித்தபோது எனக்கு வேறொன்றைக் கவனிக்கத் தெம்பில்லாததால் அது தயிர் டப்பாவிலேயே, மர அலமாரியின் கீழ்த்தட்டிலேயே கிடந்தது. அதற்கு நான் சூடும் கொடுக்கவில்லை, தண்ணீரும் புகட்டவில்லை. இரண்டில் எது முதலாவதைக் கொன்றது என்று பிரித்துச் சொல்ல இப்போது வழியில்லை. அன்று குமிழியைப் பார்த்த கண் அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டது.

அத்தை மட்டும் அன்றே வேறு தீர்ப்புச் சொன்னார். பல்லியைக் கொன்ற பாவம் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால்தான் தீரும் என்றார். நான் கொல்லவில்லை, காப்பாற்றத்தான் பார்த்தேன் என்றேன். அதற்கும் சேர்த்துத் தொட்டுவிட்டு வா என்றார். போய்த் தொட்டேன்.

2024 மே 7

முதல் நாள் குறிப்பில் பாட்டில் மூடியில் ஈரப் பஞ்சு வைக்கச் சொன்னேன். அதை எடுத்துவிடுங்கள். இது என் மறதி. கழுவிய சிறு கூழாங்கற்களைப் போட்டு இடையில் தண்ணீர் நிற்கும்படி செய்தால் போதும், மூழ்காது.

காரணம் இது. இரண்டாவது குஞ்சு பன்னிரண்டாம் நாள்வரை நன்றாக இருந்தது. அதன் பிறகு டப்பாவின் சுவரில் ஏறி ஏறி வழுக்கி விழுந்தது. பலவீனம் என்றுதான் நினைத்தேன்; மறுபடியும் சொட்டுக் குப்பியைத் தேடிக் கை போனது என்பதை மறைக்க விரும்பவில்லை. நூல் முடிச்சைப் பார்க்கும் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்காலின் இரண்டு விரல்களில் உரியாத தோல் வளையமாக நின்றிருந்தது, அதனோடு ஒரு பஞ்சு இழை சுற்றி இறுகியிருந்தது. விரல் நுனி சற்றுக் கறுக்கத் தொடங்கியிருந்தது. நூலில் பிழைக்கும் வீட்டில் நூலாலேயே அதற்கு வினை வந்தது.

பல்லியின் விரலடியில் தட்டுத் தட்டான மடிப்புகளும், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத மயிர்களும் உள்ளன. அவை பசையால் ஒட்டுவதில்லை. மயிர் நுனிகளுக்கும் சுவரின் மூலக்கூறுகளுக்கும் இடையிலுள்ள வான்டர்வால்ஸ் ஈர்ப்பே அதைத் தாங்குகிறது என்பதை 2002 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனையில் காட்டினர். அதனால் விரலடியில் தோலோ இழையோ மாவோ மூடிக்கொண்டால் எவ்வளவு வலுவுள்ள பல்லியும் வழுக்கும். வழுக்கும் குஞ்சைப் பார்த்தால் வயிற்றைச் சந்தேகிப்பதற்கு முன் விரலைச் சந்தேகியுங்கள். கடல்நுரை மாவை டப்பாவின் தரையில் கொட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

அதை எப்படி எடுத்தேன் என்று கேட்பீர்கள். நனைத்துப் பிழிந்த வெள்ளைத் தாளை ஒரு பக்கம் விரித்து அரை மணி நேரம் அதன் மேல் நடக்கவிட்டேன். தோல் ஊறியது. பிறகு ஈரமான நீர்வண்ணத் தூரிகையால் விரலின் அடியிலிருந்து நுனிப் பக்கமாக மெல்ல வருடினேன். ஒரு விரலில் தோலோடு இழை கழன்றது. இரண்டாவதில் வரவில்லை, நான் அவசரப்பட்டேன், குஞ்சு துள்ளியது, வால் என் விரலுக்கும் தூரிகைக்கும் இடையில் துடித்துக்கொண்டிருந்தது. வால் திரும்ப முளைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வாலில்தான் அதன் சேமிப்புக் கொழுப்பு இருந்தது என்பதை நினைத்து அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மீண்டும் ஈரத்தாளை மட்டும் வைத்துவிட்டு நான் தறிக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தபோது இழை தாளில் கிடந்தது. அதுவே கழற்றிக்கொண்டிருந்தது.

2024 மே 8

குஞ்சின் நிறம் மஞ்சளாக இருக்கிறது, திருமலைப் பக்கத்துத் தங்கப் பல்லியாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கடிகாரத்தின் பின்னால் பிறந்தது தங்கப் பல்லியாக இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் பங்காரு பல்லி என்று சொல்லும் அந்த இனம் மலைப் பாறை இடுக்குகளிலும் நீரோடை ஓரக் குகைகளிலும் வாழ்வது. முட்டைகளைப் பாறையில் ஒட்டி, பல தாய்கள் ஒரே இடத்தில் இடும். ஆண் பல்லிதான் பொன்னிறம் கொள்ளும். வீட்டுப் பல்லி இரவில் வெளிறுவதும் பகலில் கறுப்பதும் இயல்பு. மலைப் பக்கம் போகும்போது உண்மையான தங்கப் பல்லியைக் கண்டால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர் அது. வீட்டுக்குக் கொண்டு வந்து பேணுவது கருணை என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

2024 மே 13

இன்று உங்கள் பக்கம் வாக்குப்பதிவு. எங்கள் கூடத்தில் வேலை செய்பவர்களில் மூவர் நகரிப் பக்கத்தவர்கள், அதனால் தறிகள் நின்றுவிட்டன. சத்தம் இல்லாத கூடத்தைக் கூட்டிப் பெருக்கும்போது, அதே சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு முட்டை ஓடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை, காய்ந்த தோல் துணுக்கு ஒன்று. எப்போது இட்டது, எப்போது பொரித்தது, எதுவும் எனக்குத் தெரியாது. பத்துத் தறிகளின் அதிர்விலும் பஞ்சுத் தூசியிலும் ஒருவர் உதவியும் இல்லாமல் இரண்டும் நடந்து போயிருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு மாதம் நான் பட்ட பாட்டை எண்ணிப் பெட்டியை மூடினேன். தாய்ப் பல்லியும் முட்டையிட்டதோடு போய்விடுகிறது, குஞ்சைப் பார்க்க வருவதில்லை. இந்த இனத்தில் வளர்ப்பு என்ற வேலையே கிடையாது.

அப்படியானால் உங்களை ஏன் இவ்வளவு செய்யச் சொன்னேன் என்று கேட்கலாம். நான் சொன்னவற்றில் பாதிக்கு மேல் செய்யாதீர்கள் என்பவைதான், எண்ணிப் பாருங்கள்.

2024 மே 15

பல்லி விழுந்த பாலைக் குடித்தால் சாவு என்று சொல்கிறார்களே, டப்பாவைச் சமையலறையில் வைத்தால் ஆபத்தா என்ற கேள்வி. வீட்டுப் பல்லிக்கு நஞ்சு கிடையாது. அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் அதனால் வரலாம். ஆகவே சமையலறை வேண்டாம், தாளை மாற்றிய பின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள். கழுநீர்ப் பானையில் விழுந்த பல்லியைப் பற்றிய பழமொழியில்கூடப் பாவப்பட்டது பல்லிதானே தவிரப் பானை அல்ல.

இன்னொரு வாசகர், குஞ்சு என்பது சரியா, குட்டி என்பது சரியா என்று கேட்டிருக்கிறார். முட்டையிலிருந்து வருவதால் குஞ்சு என்று எழுதினேன். எங்கள் வீட்டில் குட்டி என்பார்கள். பழைய இலக்கண மரபோ பறப்பனவற்றின் இளமைக்கும் தவழ்வனவற்றின் இளமைக்கும் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் பெயர் தருகிறது. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்பதைப் போலப் பல்லிப்பிள்ளை என்று அத்தையிடம் சொன்னேன். பிள்ளை என்று சொன்னால் அதற்குப் பெயர் சூட்ட வேண்டும், காது குத்த வேண்டும் என்றார். இதற்கிடையில் என் மகன் கைப்பேசியில் யாருக்கோ பள்ளிப்பட்டு என்பதைப் பல்லிப்பட்டு என்று அனுப்பிவிட்டான். அந்த ஊருக்குப் பேருந்து இருக்கிறதா என்று பதில் வந்தது.

2024 மே 20

குஞ்சு எட்டு ஈ தின்றது, சுவரில் தலைகீழாக நிற்கிறது, எப்போது விடலாம் என்று கேட்கிறீர்கள். தானாக இரை பிடிக்கிறது, சுவரில் வழுக்குவதில்லை, வால் கொழுத்திருக்கிறது என்றால் இன்றைக்கே விடலாம். நான் 24 நாள் வைத்திருந்தேன், அது பத்து நாள் அதிகம். விட்டதற்கு முந்தைய வாரம் அது எனக்காக வைத்திருந்ததே தவிர அதற்காக அல்ல. ஈயைப் பிடிக்கும்போது தலையை ஒருபுறம் சாய்த்து நிற்கும் அழகைப் பார்ப்பதற்காகவே டப்பாவைத் திறக்காமல் இருந்தேன்.

இருட்டிய பிறகு, விளக்குக்குப் பூச்சி வரும் சுவரில், ஒளிந்துகொள்ள இடுக்கு உள்ள இடத்தில் விடுங்கள். பெரிய பல்லி நிற்கும் சுவர் வேண்டாம். குஞ்சு அதற்கு இரையாகும், தன் இனம் என்று பார்க்காது. டப்பாவைச் சுவரோடு சாய்த்து மூடியைத் திறந்துவிட்டு நகர்ந்து போங்கள். கையால் எடுத்து வைக்காதீர்கள், வால் போய்விடும்.

2024 மே 22

டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அது ஊசித் துளையைப் பெரிதாக்கியதுபோல எங்கேயோ தப்பிவிட்டது, வீடெல்லாம் தேடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். குஞ்சால் துளையைப் பெரிதாக்க முடியாது. ஈ போடும்போது நீங்கள் மூடியைச் சரியாக அழுத்தியிருக்க மாட்டீர்கள். தேடுவதை நிறுத்துங்கள். பீரோவை நகர்த்தினால்தான் நசுங்கும். வீட்டுப் பல்லிகள் கதவிடுக்கில் நசுங்கிச் சாவது உண்டு, ஆகவே இன்னும் சில நாளைக்குக் கதவின் கீல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சாத்துங்கள். கடிகாரத்தை மறுபடி அதே ஆணியில் மாட்டிவிடுங்கள்.